உதிரும் பெயிண்டில் ஒளிந்திருக்கும் ஈயம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பழைய வீடுகளுக்கு அழகே வராந்தாதான். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர வீடு, அதையொட்டி அகலமான மர வராந்தா, ஓரமெங்கும் பெயிண்ட் அடித்த மரக் கிராதி. வெயில் உக்கிரமான ஊர் என்பதால் பிள்ளைகளின் பகல் பொழுது பெரும்பாலும் அந்த வராந்தாவில்தான் கழியும்.

1890களில் அங்குள்ள பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கடும் வயிற்றுவலியோடு பிள்ளைகள் வந்தார்கள். சிலருக்கு மணிக்கட்டும் பாதமும் துவண்டு தொங்கின. சிலருக்குப் பார்வையே மங்கியது. உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்பதை ஜெஃப்ரிஸ் டர்னர் முதலான மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது எந்த வழியாக ஏறியது என்பதுதான் பிடிபடவில்லை. 1904இல் கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் விடை சொன்னார்: வராந்தாக் கிராதியின் பெயிண்ட். வெயிலில் காய்ந்து பொடியாகும் பெயிண்ட் பிஞ்சு விரல்களில் ஒட்டுகிறது. நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறது. சக மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய பெயிண்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் குவீன்ஸ்லாந்தில் வர 1922 ஆகிவிட்டது. கிப்சன் சொல்லிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து!

அமெரிக்கா, வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தது. இந்தியாவில் பெயிண்டிலுள்ள ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் நம் வீட்டு நிலைக்கதவிலும் ஜன்னலிலும் திண்ணைத் தூணிலும் ஏறிய எனாமல் பூச்சுகளில் எவ்வளவு ஈயம் இருந்தது என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில் அது அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அந்த நிறங்களைத் தந்ததே பல நேரங்களில் ஈய உப்புகள்தான்.

இந்தப் பழைய பூச்சு உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வயதான எண்ணெய் பெயிண்ட் இறுகிப்போய் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கிறது. வெடிப்பில் தண்ணீர் இறங்கி அடியிலிருந்தே பெயர்த்துவிடுகிறது. நிலையின் கால்பகுதியும் வராந்தாப் பலகைகளின் முனையும் முதலில் உரிவது இதனால்தான். அதன் மேலேயே இன்னொரு கோட்டிங் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

ஆகவே பழையதை எடுத்தாக வேண்டும். ஆபத்து அங்கேதான் கூடுகிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஊதுவிளக்கால் சுட்டு உரித்தால் ஈயம் புகையாகி மூச்சில் கலக்கும். சாண்டிங் மெஷினை ஓடவிட்டால் நுண்தூசி வீடு முழுக்கப் படியும். சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்த விஷத்தை நாமே காற்றில் ஏற்றி விடுகிறோம். பழைய வீடுகளில் தீச்சுவாலையால் பெயிண்டை எரிப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் தடுத்திருப்பது இதற்காகவே.

நல்ல வழி நிதானமானது. தளர்ந்த பூச்சில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் ஸ்கிரேப்பரால் மர ரேகை ஓடும் திசையிலேயே சுரண்ட வேண்டும். மிச்சத்தை உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கலாம். வராந்தாப் பலகையென்றால், துருத்தி நிற்கும் ஆணித் தலைகளை முதலில் உள்ளே அடித்து இறக்கிவிட வேண்டும். இல்லையேல் ஸ்கிரேப்பர் தகட்டின் முனை போய்விடும். கீழே தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுவதை அப்படியே சுருட்டிக் கட்டிவிடுவது உத்தமம். துடைப்பத்தால் கூட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பெயிண்ட் ரிமூவர் வாங்குபவர்கள் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்ஸைடாக மாறக்கூடியது. காற்றோட்டமில்லாத அறையில் அதைப் பயன்படுத்தி உயிரிழந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. காஸ்டிக் சோடாவும் பெயிண்டைக் கரைக்கும். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், சரியாகக் கழுவாவிட்டால் அடுத்து அடிக்கும் பாலிஷும் நிற்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்பது போன்ற சித்திர வேலைப்பாடுள்ள பர்மாத் தேக்குக் கதவை வாங்கியவர்கள், அதைக் காஸ்டிக்கில் முக்கி எடுக்கச் சம்மதிக்கவே கூடாது. செதுக்கலின் இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியும் பொறுமையும் போதும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு உறிஞ்சும். வயிற்றுப்பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். வீட்டாரைவிட ஈயத் தூசியை அதிகம் சுவாசிப்பவர், நாள்கூலிக்கு மாஸ்க் இல்லாமல் உப்புத்தாள் தேய்க்கும் பெயிண்டர். அவர் சட்டையில் ஒட்டிய தூசி அவர் வீட்டுப் பிள்ளைக்கும் போகிறது.

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு பழையது என்றால் பூச்சில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். பெயிண்டருக்கு நல்ல தூசி மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். சாப்பிடும் முன் கை கழுவச் சோப்பும், வேலை முடிந்து சட்டை மாற்ற ஓர் இடமும் கொடுங்கள். அந்தச் செலவையும் பெயிண்ட் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.