அமைதியை நாடுதல் (கிறித்தவம்)

அமைதியை நாடுதல் அல்லது சமாதானத்தைத் தேடுதல் என்பது, பிறரோடு பகையின்றி வாழ ஒவ்வொரு கிறித்தவரும் தாமே முன்வந்து முயல வேண்டும் என்னும் அறநெறிக் கடமையாகும். சண்டையிடாமல் ஒதுங்கியிருந்தால் இக்கடமை நிறைவேறிவிடாது. முறிந்த உறவைச் சரிசெய்யப் புறப்பட்டுப் போவதையே புதிய ஏற்பாடு எதிர்பார்க்கிறது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு (5:9, 5:23-24), உரோமையர் திருமுகம் (12:18), எபிரேயர் திருமுகம் (12:14) ஆகியவை இதற்கு முதன்மையான ஆதாரங்கள். நீதி மறுக்கப்பட்டவரிடமும் இதைக் கேட்கலாமா என்பது திருச்சபைகளுக்குள் இன்னும் தீராத விவாதமாக உள்ளது.

சொற்பொருள்

சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமத்தில் 'சமாதானம்' என்ற சொல்லும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'அமைதி' என்ற சொல்லும் வழங்குகின்றன. இரண்டுமே சற்று வழிதவறச் செய்யக்கூடியவை. 'அமைதியாக இரு' என்றால் பேசாதே என்று பொருள். 'சமாதானம் சொல்வது' என்றால் சாக்குச் சொல்வது. மூலத்தில் உள்ள எபிரேயச் சொல்லான 'ஷாலோம்' குறையற்ற முழு நலத்தைக் குறிக்கிறது. லாபான் நலமாக இருக்கிறாரா என்று யாக்கோபு மேய்ப்பர்களிடம் விசாரிக்கும் இடத்தில் (தொடக்கநூல் 29:6) அச்சொல்லே வருகிறது. ஆகவே விவிலிய நோக்கில் அமைதி என்பது ஓசையின்மை அல்ல. இரு தரப்பும் நலமாக இருக்கும் நிலை.

'நாடு' என்ற வினையும் கவனிக்கத்தக்கது. எபிரேயர் 12:14-இல் வரும் 'தியோகோ' என்ற கிரேக்க வினைக்குத் துரத்திச் செல் என்பது நேர்ப்பொருள். தாம் முன்பு திருச்சபையைத் துன்புறுத்தியதைச் சொல்லப் பவுல் கையாளும் வினையும் இதுவே (கலாத்தியர் 1:13). ஓடுகிறவரை விடாமல் பின்தொடரும் அதே வேகம் அமைதிக்கும் கேட்கப்படுகிறது.

முதலில் போக வேண்டியவர் யார்?

பெரும்பாலான மனத்தாங்கல்கள் நீள்வதற்குக் காரணம், தவறு செய்தவர் முதலில் வரட்டும் என்று இருவரும் காத்திருப்பதுதான். மத்தேயு நற்செய்தி இந்தக் காத்திருப்புக்கு இடம் தரவில்லை. 5:23-24 பகுதியின்படி, பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவருக்குத் தம்மீது இன்னொருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். இங்கே கேட்கப்படுவது நமக்குப் பிறர்மேல் உள்ள கோபம் பற்றி அல்ல, பிறருக்கு நம்மேல் உள்ள கோபம் பற்றி. அந்தக் கோபம் நியாயமானதா என்ற விசாரணையும் அங்கே இல்லை.

இதைக் கேட்டவர்கள் கலிலேயர்கள். காணிக்கை செலுத்தும் பலிபீடமோ எருசலேமில் மட்டுமே இருந்தது. கலிலேயாவிலிருந்து அங்கே போக 100 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று நாள் பயணம். பலியைப் பாதியில் விட்டு ஊர் திரும்பி, உறவைச் சரிசெய்து, மறுபடி எருசலேம் வருவது என்பது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட அலைச்சல். கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பது உடனே புரிந்திருக்கும்.

அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் மறுபக்கத்தைச் சொல்கிறது. தவறிழைக்கப்பட்டவரும் காத்திருக்கக் கூடாது. முதலில் தனியாகவும், பயனில்லாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டும், பின்னரே சபையின் முன்பாகவும் பேச வேண்டும். இரு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால், இருவரும் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வழியில் சந்திக்க வேண்டியவர்கள். தவறு யாருடையது என்பதை வைத்து முதல் அடி யாருடையது என்று முடிவு செய்யப்படவில்லை.

வழிபாட்டில்

தொடக்கத் திருச்சபை இதை அறிவுரையாக மட்டும் விட்டுவிடாமல் ஒழுங்காகவே ஆக்கியது. மிகப் பழைய கிறித்தவ நூல்களுள் ஒன்றான 'திதாக்கே', பிறரோடு சச்சரவில் இருப்பவர் ஒப்புரவாகும்வரை ஞாயிறு கூட்டத்தில் சேரக் கூடாது என்கிறது. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் உருவான 'திதஸ்காலியா' இன்னும் நடைமுறை சார்ந்தது: சபையாரின் வழக்குகளை ஆயர் திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும். தீர்ப்பை ஏற்க மறுப்பவர் இருந்தாலும், வார இறுதிக்குள் பேசிச் சமரசம் செய்ய நாள் இருக்கும் என்பதே காரணம்.

வழிபாட்டில் இடம்பெறும் அமைதி முத்தம் இந்த ஒழுங்கின் அடையாளம். கீழைத் திருச்சபைகளில் அது காணிக்கைக்கு முன்பாகவும், உரோமை வழிபாட்டில் திருவிருந்துக்குச் சற்று முன்பாகவும் வருகிறது. காலப்போக்கில் மேற்கில் இது பெரும்பாலும் குருக்களுக்குள் நடக்கும் சடங்காகச் சுருங்கியது. இது மக்களிடம் திரும்பியதில் தென்னிந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. 1947-இல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில், கேரளச் சிரியன் கிறித்தவர்களின் வழக்கத்தைத் தழுவி, சமாதானத்தைக் கையிலிருந்து கைக்கு வழங்கும் முறையைச் சேர்த்தது. பின்னர் பிற நாட்டுத் திருச்சபைகள் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது இம்முறை பரவலாகக் கவனிக்கப்பட்டது. இந்தியக் கத்தோலிக்கத் திருப்பலியில் கைகூப்பி வணங்குவது வழக்கம். பக்கத்து இருக்கைக்காரரை வணங்கிவிட்டு, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தச் சகோதரரைத் திரும்பிப் பாராமல் வீடு போவதும் நடக்காமல் இல்லை.

கடமையின் எல்லை

உரோமையர் 12:18-இல் பவுல் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறார்: முடிந்தால் என்பது ஒன்று, உங்களைப் பொறுத்த அளவில் என்பது மற்றொன்று. மற்றவர் மறுத்துவிட்டால் முயன்றவர் மீது குற்றமில்லை. பவுலே அந்தியோக்கியாவில் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தவர் (கலாத்தியர் 2:11). பிற இனத்தவரோடு உண்பதிலிருந்து பேதுரு பின்வாங்கியதை அவர் அமைதிக்காக விழுங்கிக்கொள்ளவில்லை. காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு எல்லாம் நலம் என்று அறிவிப்போரை எரேமியாவும் கண்டித்தார் (6:14).

இந்த எல்லை மறக்கப்படும்போது கடமை வலியவருக்கு வசதியாகிவிடுகிறது. அடிபட்ட மனைவியிடம் பொறுத்துப்போகச் சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் அறிவுரைகள் இதற்குச் சான்று. மன்னிப்பதும் மீண்டும் சேர்ந்து வாழ்வதும் ஒன்றல்ல. பின்னதற்குத் தவறு செய்தவரின் மனமாற்றமும் தேவை என்று இன்றைய இறையியலாளர் பலர் வேறுபடுத்திக் காட்டுகின்றனர்.

தென்னாப்பிரிக்கா

இந்தக் கேள்வி ஒரு நாட்டின் அளவில் எழுந்த இடம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி அவசரநிலையை அறிவித்திருந்த 1985-இல், அந்நாட்டு இறையியலாளர்கள் 'கைரோஸ் ஆவணம்' என்ற அறிக்கையை வெளியிட்டனர். நீதியைப் பற்றிப் பேசாமல் ஒப்புரவை மட்டும் போதிக்கும் திருச்சபைகளை அது கடுமையாகச் சாடியது. ஒடுக்குபவர் மனம் மாறாதவரை ஒப்புரவு பேசுவது ஒடுக்குமுறைக்குத் துணைபோவதே என்பது அதன் வாதம்.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் பல திருச்சபைகள் கூடிய மாநாட்டில், நிறவெறிக்கு இறையியல் நியாயம் வழங்கியிருந்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த பேராசிரியர் வில்லி யோங்கர், தம் சார்பிலும் தம் திருச்சபையின் சார்பிலும் குற்றத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கோரினார். கேப் டவுன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். இரு பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. முன்னாள் குடியரசுத் தலைவர் பி. டபிள்யூ. போத்தா அறிக்கையைக் கண்டித்தார். கறுப்பினப் பேராளர்கள் சிலரோ, எல்லாருக்காகவும் மன்னிக்க டூட்டுவுக்கு அதிகாரம் தந்தது யார் என்று கேட்டனர்.

பின்னர் டூட்டுவின் தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திலும் அதே கேள்வி திரும்பியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசியல் நோக்கில் குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்புப் பெறலாம். வருந்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 1977-இல் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தினர், இது தங்கள் வழக்காடும் உரிமையைப் பறிப்பதாக அரசமைப்பு நீதிமன்றம் சென்று 1996-இல் தோற்றனர். ஆயினும் பீக்கோ வழக்கில் காவலர்கள் பொதுமன்னிப்புக் கேட்டபோது, 1999-இல் அது மறுக்கப்பட்டது. அவர்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். போதிய ஆதாரம் இல்லையென 2003-இல் அவர்கள்மீது வழக்குத் தொடரும் முயற்சியும் கைவிடப்பட்டது.