வெல்ஸ் கண்ட சிவந்த சூரியன்

எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'கால இயந்திரம்' என்னும் ஆங்கில நாவலை நீங்கள் படித்திருக்கலாம்; படிக்காவிட்டாலும் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1895-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த நூல் அது. காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் பொறி ஒன்றைச் செய்த மனிதர் கி.பி. 8,02,701-ஆம் ஆண்டுக்குப் போகிறார். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வெயிலில் விளையாடித் திரியும் ஈலாய்கள் ஒருபுறம். நிலத்தடியில் எந்திரங்களோடு வாழ்ந்து, இரவில் மேலே வந்து ஈலாய்களை இரையாக்கும் மோர்லாக்குகள் மறுபுறம்.

பலர் நினைவில் நிற்பது இந்தப் பகுதிதான். என்னைப் போன்ற இயற்பியல் ஆசிரியர்களோ முதல் அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவார்கள். காலமும் ஒரு பரிமாணமே என்ற வாதம், ஐன்ஸ்டைனின் கட்டுரை வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அதில் வந்துவிடுகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, கதை முடிவை நெருங்கும்போது வரும் ஒரு சிறு அத்தியாயம்.

மோர்லாக்குகளிடமிருந்து தப்பியவர் பொறியை மேலும் எதிர்காலத்துக்கே செலுத்திவிடுகிறார். பகலும் இரவும் மாறி மாறி வருவது மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியில் நின்றே போகிறது. பூமி தன் ஒரு முகத்தை மட்டும் சூரியனுக்குக் காட்டியபடி நிற்கிறது. அலையடிக்காத கடற்கரை, மேசை அளவுள்ள நண்டுகள், மெலிந்த காற்று. இன்னும் போகிறார். மூன்று கோடி ஆண்டுகளுக்கு அப்பால் நண்டுகளும் இல்லை, பனி பெய்கிறது. வானத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, மங்கிச் சிவந்த சூரியன் அசையாமல் நிற்கிறது.

சென்ற ஆண்டு இந்தப் பகுதியை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "மூன்று கோடி என்ற எண் எங்கிருந்து சார் வந்தது? சும்மா போட்டதா?"

சும்மா போட்டதாகத் தெரியவில்லை. வெல்ஸ் முறையாக அறிவியல் படித்தவர். டார்வினின் கொள்கைக்காக வாதாடிய ஹக்ஸ்லியிடமே உயிரியல் பாடம் கேட்டவர். அக்காலத்து இயற்பியல் சூரியனைப் பற்றி என்ன சொன்னது என்று பார்ப்போம்.

சூரியன் எதை எரித்து ஒளி தருகிறது? அது முழுவதும் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், இன்று தரும் அளவு வெப்பத்தைத் தந்து ஐயாயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். எழுதப்பட்ட வரலாற்றுக்கே அது போதாது. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வேறு வழி கண்டார். மேலிருந்து விழும் கல் தரையில் மோதும்போது வெப்பம் பிறக்கிறது அல்லவா? அதுபோலச் சூரியன் தன் ஈர்ப்பினாலேயே உள்நோக்கிச் சுருங்குமானால், அந்த வீழ்ச்சியின் ஆற்றல் வெப்பமாக வெளிப்படும். ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் சுருங்கினாலே போதும். பூமியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இப்படி எத்தனை காலம் ஓடும்? உங்களில் கல்லூரி மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஈர்ப்பு மாறிலியைச் சூரிய நிறையின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தாலும், ஒரு வினாடியில் வெளிவரும் ஆற்றலாலும் வகுக்க வேண்டும். விடை வினாடிகளில் வரும். ஆண்டாக்கினால் சுமார் மூன்று கோடி! நாவலில் வரும் அதே அளவு. வெல்ஸ் இந்தக் கணக்கைப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்நாளில் சூரியனின் ஆயுளைப் பற்றிப் பேசியவர்கள் அனைவரும் கோடிகளில்தான் பேசினார்கள்.

அவர்களில் முதன்மையானவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. சூரியன் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒளிவீசியிருக்க வாய்ப்பில்லை என்று 1862-இல் எழுதினார். டார்வினோ 1859-இல், இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படுவதற்கே முப்பது கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார். உயிர்கள் மெல்ல மாறிவர நீண்ட காலம் வேண்டும். இயற்பியல் அதைத் தர மறுத்தது. டார்வினைக் கடைசிவரை உறுத்திய எதிர்ப்புகளில் இது ஒன்று.

நாவலில் பூமி நின்றுபோவதற்கும் அடிப்படை உண்டு. கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சிக்குத் தடை போடுகின்றன. இதை விரிவாகக் கணக்கிட்டவர் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். நாவலிலேயே இளைய டார்வின் என்று இவர் குறிப்பிடப்படுகிறார்.

இந்த இரண்டில் எது நிலைத்தது? ஓதக் கணக்கு நிலைத்தது. நூறு ஆண்டுக்கு ஒரு நாளின் நீளம் சுமார் 2 மில்லி வினாடி கூடுகிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களின் மீது லேசர் செலுத்தி அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போவதும் உறுதியாயிற்று. தொன்மையான பவளப் படிவங்களின் வளர்ச்சி வரிகளை எண்ணி, அக்காலத்தில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 நாட்கள் இருந்தன என்று 1963-இல் ஒருவர் காட்டினார். அவர் பெயரும் வெல்ஸ் என்பது ஒரு வேடிக்கை! ஆயினும் வேகத்தைக் கவனியுங்கள். மூன்று கோடி ஆண்டுகளில் நாள் பத்து நிமிடம் போலத்தான் நீளும். பூமி நின்றுவிடாது.

சூரியக் கணக்கு அடியோடு விழுந்தது. நாவல் வந்த மறு ஆண்டே, 1896-இல், பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். அணுவுக்குள் வேறோர் ஆற்றல் இருப்பது தெரியலாயிற்று. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பிணைந்து ஹீலியமாவதே சூரியனின் அடுப்பு என்பதை 1939-இல் பெத்தே விளக்கினார். சூரியனின் வயது இன்று சுமார் 460 கோடி ஆண்டுகள்; இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் இப்படியே எரியும். அதுவரை அது மங்குவதும் இல்லை. நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. அதன் பிறகுதான் ஊதிப் பெருத்துச் 'செம்பூதம்' என்னும் நிலையை அடையும். வானை அடைக்கும் சிவந்த சூரியன் வரத்தான் போகிறது, வேறு காரணத்தால், நூறு மடங்குக்கும் மேல் தாமதமாக. பனியோடு அல்ல, தீய்க்கும் வெப்பத்தோடு.

1931-இல் வந்த பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், உலகம் உறைந்தே போகும் என்று அந்நாளைய புவியியலாரும் வானியலாரும் தங்களுக்குப் பொய் சொல்லிவிட்டதாக வெல்ஸ் குறைபட்டுக்கொண்டார். பொய் என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. கெல்வின் அதே 1862 கட்டுரையில், நாம் இன்னும் அறியாத ஆற்றல் மூலங்கள் இருந்தாலொழிய என்று ஒரு விலக்கையும் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தவர்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டார்கள், விலக்கை மறந்துவிட்டார்கள்.