மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏன் ஏறவில்லை?

2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் உவர்க்கும் திருப்போரூர்க் கரையோரத்துக்கு அப்படித் தொட்டியில் சேரும் மழைநீர் பெரிய செல்வம். தொட்டி நிறைந்தும் குழாயில் வராவிட்டால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். தரைமேல் வைத்த மோட்டார் உறிஞ்சு குழாயின் உள்ளே அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. தண்ணீரை மோட்டார்வரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளலின் எல்லை சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். மயிரிழை ஓட்டை வழியாகக் காற்று புகுந்தாலே அந்தத் தள்ளல் கெட்டுவிடும். நேற்றுவரை ஓடியதே என்பார்கள். நேற்று குழாயின் அடிமுனையில் உள்ள ஒருவழி வால்வான ஃபுட் வால்வு குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மாடிச் சருகோ மணலோ அதன் வாயில் சிக்கினால் இரவுக்குள் குழாய் காலியாகும். மோட்டாரை நிறுத்தி, குழாயில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மட்டம் இறங்கி, இணைப்பு நனைந்தால் கசிவு அங்கே. உலர்ந்திருந்தால் வால்வைக் கழுவுங்கள். அதுவரை வெறுமனே ஓடவிடாதீர்கள், சீல் சூடேறிக் கெடும்.