காய்ந்த கட்டையில் உறங்கும் உயிர்

நார்வேயின் மேற்கே, கடல் மலைகளுக்குள் நீண்டு புகுந்து கிடக்கும் வட்டாரத்தில், பண்ணை வீட்டுச் சுவர்களில் முன்பு ஒரு மர வளையம் தொங்கும். சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தது. வீட்டில் பீர் நொதிக்கும்போது அதை உள்ளே முக்கியெடுத்து, உலர்த்தி மாட்டிவிடுவார்கள். பிறகு மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. பார்ப்பவருக்கு அது வெறும் காய்ந்த கட்டை. கிறிஸ்துமஸுக்கு மறுபடி பீர் காய்ச்சும் நாளில், முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றில் இறக்கினால், சில மணி நேரத்தில் நுரை பொங்கி எழும். மரத்தின் இடுக்குகளில் உறங்கிய ஈஸ்ட் விழித்துக்கொண்டது! க்வெய்க் என்று அதற்குப் பெயர்.

மலையைக் கண்டால் கைகூப்புகிறோம், கடலைக் கண்டால் வாயடைத்து நிற்கிறோம். கண்ணுக்கே எட்டாத இந்த உயிரை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? 1 மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை சிறிய உடலுக்குள் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். தாய்ச் செல்லில் மொட்டு அரும்பி, வளர்ந்து, பிரிகிறது; பிரிந்த இடத்தில் வட்டமாய் ஒரு வடு நிற்கிறது. நுண்ணோக்கியில் அந்த வடுக்களை எண்ணியே இவள் எத்தனை பிள்ளை பெற்றவள் என்று சொல்லிவிடலாம்.

பசியும் வறட்சியும் நெருங்கும்போது அது செய்யும் காரியம் மெய்சிலிர்க்க வைக்கும். ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. நீர் விட்டுப்போன இடத்தில் அந்தச் சர்க்கரை நின்று, செல்லின் மெல்லிய சவ்வும் புரதங்களும் குலையாமல் தாங்குகிறது. உண்பதில்லை, பெருகுவதில்லை, ஆனாலும் சாவதில்லை. இந்த அடக்கத்தை இதற்கு ஊட்டியவன் எவனோ!

இன்று வீட்டளவில் பத்து லிட்டர் பீர் காய்ச்சுகிறவர்கள், அடியில் தங்கும் வண்டலைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். மேலே தெளிந்த பீர், கீழே பாலேட்டு நிறத்தில் ஈஸ்ட். உறக்கத்திலும் கொஞ்சம் வாயு விடும் என்பதால் மூடியை இறுக்குவதில்லை. ஈரத்தில் கிடக்கும் ஈஸ்ட், தான் சேமித்த கிளைக்கோஜன் என்னும் உணவைத் தின்றே நாளைக் கழிக்கிறது. வாரங்கள் செல்லச் செல்லச் சாகும் செல்கள் கூடும். தாளில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்திய க்வெய்க்கோ நெடுநாள் தாங்கும். ஏல் என்னும் பீர் வகைக்கான வழக்கமான ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டி வேலை செய்ய விரும்பும்; இது 40 டிகிரியிலும் தளராது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்காரர்கள் வெதுவெதுப்பான சாற்றிலேயே இட்டதும், உலர்த்திக் காத்ததும்தான் இதை இப்படி உருவாக்கியிருக்க வேண்டும்.

ஒரு வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்குவார்கள். கொடுத்தவருக்கு எதுவும் குறைவதில்லை. நாளை அவருடையது கெட்டால் இங்கே இருக்கும். பூட்டி வைத்திருந்தால் என்றோ அழிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

டீக்கடையில் நாம் பிய்த்துத் தின்னும் பன்னை உப்ப வைப்பதும் இதே இனம்தான். 1 கிராம் உலர் ஈஸ்டில் பல நூறு கோடி செல்கள். அலமாரியில் பழைய பொட்டலம் இருந்தால் எறியும் முன், வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் சிறிது தூவி 10 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நுரைத்தால் உயிரோடு இருக்கிறது, மாவில் சேர்க்கலாம்.