தேக்கடி ஏரியில் சத்தமில்லாத போட்டி

தேக்கடியில் படகேறும் சுற்றுலாப் பயணிகளின் கண்கள் கரையில் யானையைத் தேடுகின்றன. ஏரியின் உயிரோ, தண்ணீரில் மிதக்கும் கடுகிலும் சிறிய பிராணிகளிடம் இருக்கிறது. விலங்கு மிதவை உயிரிகள் எனப்படும் இவை பாசியைத் தின்று நீரைத் தெளிவாக வைக்கின்றன. மீன்குஞ்சுகளுக்கு இரையாவதும் இவைதான்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணையால் உருவான இந்த ஏரியில் வெளிநாட்டு மீன்கள் குடியேறிவிட்டன. 1952-ல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் ஜிலேபி கெண்டை. அதன் குஞ்சுகள் மிதவை உயிரிகளைத் தின்று வளர்கின்றன. சாதா கெண்டை அடிச்சேற்றைக் கிளறுகிறது. சேற்றிலுள்ள பாஸ்பரஸ் நீரில் கலந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். பாசியை மேயும் பிராணிகளும் குறைந்தால் ஏரி பச்சையாகிவிடும். உலகின் பல ஏரிகளில் கண்ட பாடம் இது.

பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இங்கே உண்டு. மலையாளிகள் பிராமணக் கெண்டை என்றழைக்கும் மீன் அவற்றில் ஒன்று. இரைக்கும் இடத்துக்கும் இவை புதியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். சுரங்கம் வழியாகத் தேனி, மதுரை வயல்களுக்கு வருவதும் இதே நீர்தான்.

குடியேறிய மீன்களை இனி முழுதாக வெளியேற்றுவது நடக்காத காரியம். கண்காணிப்பது முடியும். மெல்லிய வலையில் சில வாளி நீரை வடிகட்டி எண்ணினால் போதும். சில நாட்களிலேயே தலைமுறை மாறும் மிதவை உயிரிகள், மீனவர் வலை காலியாகும் முன்பே ஆபத்தைச் சொல்லிவிடும்.