ஆத்துமா என்னும் சொல்



"உங்கள் மருத்துவ ஊழியம் ஆத்துமாவுக்கா, சரீரத்துக்கா?" என்று சபைகளில் எங்களைக் கேட்பதுண்டு. திருவண்ணாமலையில் அந்தச் சொல்லையே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

அண்ணாமலையார் கோவிலுக்கு வரும் சைவருக்கு ஆன்மா என்பது பசு; பாசத்தால் கட்டுண்டு பதியைத் தேடுவது. 1950இல் இங்கே மறைந்த ரமண மகரிஷியின் வழி நிற்போருக்கு, 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை அது. நம் வேதாகமத்திலோ (ஆதியாகமம் 2:7) மண்ணான சரீரமும் தேவன் ஊதிய சுவாசமும் சேர்ந்த முழு மனிதனே ஜீவாத்துமா. அங்குள்ள 'நெபேஷ்' என்ற எபிரெயச் சொல்லுக்குத் தொண்டை என்றும் பொருளுண்டு.

வார்டில் யாரும் ஆத்துமா என்று சொல்வதில்லை. "உசுரு போவுது" என்கிறார்கள், "உசுரு பொழைக்குமா டாக்டரையா?" என்கிறார்கள். "ஆவி பிடியுங்கள்" என்றால் வெந்நீர்ப் பாத்திரமும் போர்வையும்தான். பரிசுத்த ஆவியானவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம்! ஆத்மா என்ற சொல்லை ஊரார் அதிகமாய்க் காண்பது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில். ஆகவே, கவலைக்கிடமானவர் அருகில் நின்று ஆத்துமாவைப் பற்றிப் பேச்செடுத்தால், 'கைவிட்டுவிட்டார்கள்' என்று குடும்பத்தார் அழத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் நர்ஸ் சகோதரிகள், மூச்சுக்குழாயைச் சரிசெய்துவிட்டு, "இவர் உசுருக்காக ஜெபிக்கலாமாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள்.