பழைய டட்சன் வாங்குமுன்...

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். ஈராண்டுகளுக்கு முன் நான் விட்டேன். விளைவு, என் அப்பாவின் குதிகால் ஒரு காரின் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது! பழைய கார் வாங்கும் ஆசை உங்களில் பலருக்கும் இருக்கலாம். நான் பட்ட பாடு உங்களுக்குப் பாடமாகட்டும்.

அந்தக் கார் டட்சன் 120 ஒய். 1973இல் ஜப்பானில் அறிமுகமான மாடல். 1,171 சிசி ஏ12 இயந்திரம், பின்சக்கர இயக்கம். தோட்டத்தில் தாத்தா வைத்திருந்ததும் இதே வகைதான். அப்பா கார் ஓட்டப் பழகியது அதில்தான். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அதை விற்றுவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் அதேபோல் ஒன்றை வாங்கி நிறுத்த வேண்டும் என்பது என் கனவு. பகுதிநேர வேலையில் சேர்த்ததும் அம்மா கூட்டு எடுத்ததுமாக 9,000 வெள்ளி கொடுத்தேன். புதுச் சாயம் பளபளத்தது. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் உயிர்பெற்றது. வேறெதையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவை இவை:

முதலில் எண்கள்

சேசி எண்ணும் இயந்திர எண்ணும் உரிமைச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பழைய கார்களில் இயந்திரம் மாற்றப்பட்டிருப்பது இயல்பு. ஆனால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். சேசி எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

உடம்புதான் உயிர்

இயந்திரம் கெட்டால் பிரித்துச் செய்யலாம். ஏ வகை இயந்திரம் பல நிசான் வண்டிகளில் பொருத்தப்பட்டது என்பதால் உதிரிப் பாகம் தேடுவதும் எளிது. துருப்பிடித்த உடம்பு அப்படியல்ல. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளின் அடிப்பகுதி, மட்காட்டின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் புட்டி இருக்கிறது என்று பொருள். தரை விரிப்பைத் தூக்குங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைப் பாருங்கள். காரை உயர்த்தி, பின்பக்கப் பட்டை வில்கள் உடம்போடு இணையும் இடங்களைக் கைவிளக்கால் சோதியுங்கள்.

விரிப்பின் அடியில் காய்ந்த சேறும் இருக்கை இரும்பில் துருவும் இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் மறக்க முடியாது.

இயந்திரம் பேசும் மொழி

போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். குளிர்ந்த இயந்திரம்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம். வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போலிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஒருபக்கம் இழுக்கிறதா? இரண்டாம் கியர் விழும்போது நறநறக்கிறதா? இவை செலவு வைக்கும். விலை பேசும்போது உதவும்.

நான் வாங்கிய காரின் தரையில் தகடு ஏறக்குறைய இல்லை. விரிப்புக்கு அடியில் துருவும் புட்டியும்தான். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கப் பட்டறையில் 6,000 வெள்ளி கேட்டார்கள். டட்சன் இன்னும் வீட்டு முன்னால் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஏன்யா, வாங்குறதுக்கு முன்னால என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். அவரை வியப்பில் ஆழ்த்த நினைத்து, அந்தக் காரை நன்கறிந்த ஒரே மனிதரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்!

ஆகவே நண்பர்களே, காந்தமும் கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் அப்பாவையோ மாமாவையோ கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் காரோடு வாழ்ந்தவர்கள் அவர்கள்.